கொட்டகைக் கதவில் ஒரு தேதி

அன்புள்ள தம்பிக்கு,

எலுமிச்சை மரங்களில் செதில் பூச்சி ஒன்றுகூட இல்லை. நீ செய்வதைப் போலவே வெயில் ஏறும் முன், மினரல் ஆயிலைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கி, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடித்தேன். பூச்சிக்கு மூச்சு முட்டியது, எனக்கு இடுப்பு ஒடிந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறேன்.

போன வருடம் நீ இதே ஆயிலை அடித்து இலையெல்லாம் கருகிக் கொட்டியபோது, "ஆயில் அடிக்கத் தெரியாதவனுக்குத் தோட்டம் எதுக்குடா?" என்று வேலையாட்கள் முன்னால் கத்தினேன். ஸ்பிரேயரை இறக்கி வைத்துவிட்டுப் போனவன்தான் நீ, அதன்பின் தோட்டத்துப் பக்கமே வரவில்லை.

இந்த முறை ஆயில் வாங்கும்போது பூச்சிமருந்துக் கடைக்காரர் கேட்டார்: "கந்தகம் அடிச்சு ஒரு மாசம் ஆச்சா அக்கா? அதுக்குள்ள ஆயில் பட்டா இலை கருகிடும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். போன வருடம், நீ ஆயில் அடிப்பதற்கு ஒரு வாரம் முன்னால், அதே மரங்களுக்கு நான் கந்தக மருந்து அடித்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

இனி யார் எதை அடித்தாலும் கொட்டகைக் கதவில் தேதியோடு எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன். முதல் வரியாக அந்தப் பழைய தேதியைப் போட்டு, "கந்தகம் அடித்தது அக்கா, தம்பிக்குச் சொல்லவில்லை" என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். வேலையாட்கள் எல்லோரும் படித்துவிட்டார்கள்.

நீ மட்டும்தான் பாக்கி.

உன் அக்கா