கோள் சொல்லும் கேத்தில்

பொரோனியா, மெல்பேண்
14 யூன் 2024

அன்புள்ள தம்பி சிறிதரனுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், நேற்று உன் பார்சல் வந்து சேரும்வரை.

போனில் உன்னோடு பேசி முடியாது. நான் ஒரு சொல் தொடங்கினால் நீ பத்துச் சொல்லில் முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

முதல் பெட்டியில் ஒரு சோடி செருப்பு. அடியில் தும்பு தும்பாக ஏதோ தொங்குகிறது. அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தால் நிலம் தானாகத் துடைபடுமாம். பெட்டியில் உள்ள பெண் சிரித்துக்கொண்டே நடக்கிறாள். நானும் நடந்தேன். குசினி வாசலில் வழுக்கி, கதிரையைப் பிடித்ததால் தப்பினேன். அடுத்தது, நூடில்ஸை ஆற்றுவதற்குச் சாப்பிடும் தடியில் பூட்டுகிற குட்டி விசிறி. எனக்குத் தடியால் சாப்பிட வராது என்பது உனக்குத் தெரியும். இடியப்பத்துக்கு விசிறி பிடிக்கச் சொல்கிறாயா? மூன்றாவது, தலையும் இல்லாமல் காலும் இல்லாமல் வால் மட்டும் உள்ள ஒரு தலையணை. மடியில் வைத்துத் தடவினால் வாலை ஆட்டுகிறது. அத்தான் போன பிறகு அக்கா தனிய இருக்கிறாளே என்று யோசித்திருப்பாய். தம்பி, அவருடைய ஆண்டுத் திவசத்துக்கு வா என்று உன்னைக் கேட்டேன். நீ வரவில்லை. வந்தது வால்.

முந்தி அனுப்பின கேத்தில் மட்டும் பரவாயில்லை. இங்கத்தைக் கரண்டைக் குறைத்துக் கொடுக்க அதோடு வந்த பெட்டி கேத்திலை விடப் பாரம். ஆனாலும் தண்ணீர் எந்நேரமும் சூடாக இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் ஊற்றுகிறது. பக்கத்து வீட்டு மோனிகா வந்து, நீ போனில் சொல்லச் சொல்ல அதை வைபையில் பூட்டிவிட்டாள். கேத்திலுக்கு எதற்கு வைபை என்று கேட்டேன். சூடு சரியாக நிற்பதற்கு என்று நீ சொன்னாயாம். சரி.

இனி ஒன்றும் அனுப்பாதே. அடுத்த மாதம் என் சிநேகிதி ஞானம்மாளின் மகன் காரில் சிட்னிக்குப் போகிறான். நானும் அதிலே வந்து உன்னோடு நாலு நாள் நிற்கலாம் என்று இருக்கிறேன். வசதி எப்படி என்று எழுது.

உன் அக்கா
தனேஸ்வரி


செவன் ஹில்ஸ், சிட்னி
25 யூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடித உறையைப் பார்த்ததுமே பயந்துவிட்டேன். கோபம் வந்தால் உங்கள் எழுத்து ஒரு பக்கம் சாயும். முகவரியே சாய்ந்துதான் இருந்தது.

அந்தச் செருப்பை ஈர நிலத்தில் போடக்கூடாது. பெட்டியில் தெளிவாக எழுதியிருக்கிறது. யப்பான் மொழியில் எழுதியிருப்பது என் பிழையா?

யப்பான்காரரைப் பார்த்து நீங்கள் சிரிக்கக்கூடாது அக்கா. மனிதருக்கு வரும் சின்னச் சின்னக் கரைச்சல்களை நாங்கள் "போகட்டும்" என்று விட்டுவிடுவோம். அவர்கள் விடுவதில்லை. ரெயினில் நின்றபடியே நித்திரை தூங்குகிறவனுடைய நாடியைத் தாங்க ஒரு தடி செய்திருக்கிறார்கள். கழிப்பறையில் சத்தம் கேட்டுவிடுமோ என்று கூச்சப்படும் பெண்களுக்காக, தண்ணீர் ஓடும் சத்தத்தை மட்டும் போடுகிற ஒரு பெட்டி செய்திருக்கிறார்கள். நான் ரயில்வேயில் சிக்னல் இஞ்சினியராக இருந்தவன். முகம் தெரியாத ஒருவனின் கரைச்சலுக்காக இன்னொருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான் என்று பார்த்தாலே எனக்கு மனம் நிறைந்துவிடும்.

மகள் மிருணாளினி ஒசாக்காவில் சுகம். எந்நேரமும் வேலைதான். போன வருஷம் வந்தபோது ஹோம்புஷில் ஒரு ஹோட்டலில் தங்கினாள். நகரத்துக்கு ரெயின் பிடிக்க அதுதான் வசதியாம்.

அடுத்த மாதம் வர வேண்டாம் அக்கா. வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க இருக்கிறேன். அந்த மணம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. கேத்தில் பிடித்தது சந்தோஷம். தேத்தண்ணிக்கு அதையே பாவியுங்கள். பழைய கேத்திலை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். சுவிட்சை மட்டும் ஒருபோதும் நிறுத்த வேண்டாம்.

உங்கள் தம்பி
சிறிதரன்


பொரோனியா
6 செப்ரெம்பர் 2024

சிறிதரன்,

"அன்புள்ள" போட இந்த முறை மனம் வரவில்லை.

ஞானம்மாளுக்குக் கண்ணில் ஒப்பரேஷன். அவளுக்குத் துணையாக மூன்று நாள் டண்டினோங்கில் போய் நின்றேன். அவசரத்தில் போனைச் சார்ஜரில் மறந்து வைத்துவிட்டேன். நேற்று அவளுடைய மகன் காரில் கொண்டுவந்து இறக்கினான். வந்து பார்த்தால் பின் கதவைக் காணவில்லை. கதவு இருந்த இடத்தில் ஒரு பலகையை அறைந்து வைத்திருந்தார்கள்.

மோனிகா ஓடி வந்து நடந்ததைச் சொன்னாள். பொலிஸார் இரண்டு பேர் வந்து தட்டினார்களாம். பதில் இல்லை என்றதும் கதவை உடைத்திருக்கிறார்கள். வரவேற்பறையில் திரைச்சீலை இழுத்து மூடியபடி. அவர்களில் ஒரு இளம் பொலிஸ்காரி இருட்டில் சோபாவைத் தடவிக்கொண்டு வர, உன் தலையணை வாலை ஆட்டியிருக்கிறது. அவள் போட்ட சத்தத்தில் ரோட்டு முழுக்க வெளியே வந்துவிட்டது. சிட்னியில் இருக்கும் தம்பி கேட்டதால்தான் வந்தோம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

நான் வீட்டில் இல்லை என்பது சிட்னியில் இருக்கிற உனக்கு எப்படித் தெரிந்தது? அதையும் மோனிகாதான் கண்டுபிடித்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் யப்பான் மொழி படித்தவள். கேத்திலைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்ததை வாசித்தாள். வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டாள். தனிய இருக்கும் வயதானவர்களைத் தூரத்திலிருந்து கவனிக்கிற கேத்திலாம். நான் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் உன் போனுக்குச் செய்தி வருமாம். தான் பூட்டும்போது அது தெரிந்திருக்கவில்லை என்று திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள், பாவம்.

யூலையில் ஒரு நாள் நான் பிந்தி எழும்பினபோது, நீ போன் எடுத்து இன்னும் தேத்தண்ணி குடிக்கவில்லையோ என்று கேட்டாய். என்னுடைய தம்பிக்கு என்னில் எவ்வளவு நினைப்பு என்று அன்றைக்கு ஞானம்மாளிடம் பெருமையாகச் சொன்னேன். இப்போது எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பது?

அக்கா, எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. அதை என்னிடம் கேட்டிருக்கலாம். நீ கேத்திலிடம் கேட்டிருக்கிறாய். அதுவும் எனக்குத் தெரியாமல், என் குசினியில், என் கையாலேயே பொத்தானை அழுத்த வைத்து.

சுவிட்சை நிறுத்திவிட்டேன். எனக்குப் போன் எடுக்காதே. எடுத்தாலும் பேசமாட்டேன்.

தனேஸ்வரி


செவன் ஹில்ஸ்
15 செப்ரெம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கதவை உடைக்கச் சொல்லவில்லை. போய்ப் பாருங்கள் என்றுதான் சொன்னேன். கதவுக்கு ஆள் ஒழுங்கு செய்திருக்கிறேன், அடுத்த திங்கட்கிழமை வருவான். தயவுசெய்து அவனைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

என் எதிர் வீட்டில் சேஷாத்ரி என்று ஒருவர் இருந்தார். சென்னைக்காரர். என்னைப் போலவே மனைவி போய்த் தனியாக இருந்தவர். போன மார்கழியில் அவருடைய கார் வாசலிலேயே நின்றது. நடக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து, மனுஷன் வீட்டில்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போவேன். வீட்டில்தான் இருந்தார். இரண்டு கிழமைக்குப் பிறகு கவுன்சில் ஆட்கள் வந்து திறந்தார்கள். அப்போதும் ரீவீ ஓடிக்கொண்டிருந்தது.

மிருணாளினிக்கு இதைச் சொன்னேன். அடுத்த மாதம் அவளிடமிருந்து இரண்டு கேத்தில் வந்தன. ஒன்றை உங்களுக்கு அனுப்பினேன். மற்றது என்னுடைய குசினியில் இருக்கிறது. அது அவளுடைய போனுக்குச் செய்தி அனுப்பும்.

எனக்கு அதில் கோபம் வரவில்லை அக்கா. காலையில் பொத்தானை அழுத்தும்போது, அங்கே அவளுடைய பைக்குள் போன் ஒருமுறை அதிரும் என்று நினைத்துக்கொள்வேன். சில நாளில் மத்தியானம் வரைக்கும் நான் ஒருவரோடு பேசினேன் என்றால் அது அவ்வளவுதான். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

இப்போது என் போனில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் வருவதில்லை. சுவிட்சைப் போடுங்கள் அக்கா. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

சிறிதரன்


பொரோனியா
9 ஒக்ரோபர் 2024

தம்பி,

கதவு நன்றாகப் பூட்டுகிறது. சேஷாத்ரிக்காக பக்கத்தில் த பேசின் என்ற ஊரில் இருக்கும் என் பிள்ளையார் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்தேன். அவருடைய நட்சத்திரம் உனக்குத் தெரிந்திருக்காது, அதனால் பெயரை மட்டும் சொன்னேன்.

உன் கடிதத்தை வாசித்ததில் கோபம் போய்விட்டது. எரிச்சல் போகவில்லை. எனக்கு வெள்ளிக்கிழமையில் கோயில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையில் நீச்சல் தடாகத்தில் இந்த மூட்டுகளுக்கான பயிற்சி இருக்கிறது. மிச்ச நாட்களில் ஞானம்மாளோடு சண்டை பிடிக்க நேரம் போதாது. கேத்தில் இல்லாமலே பேசிக்கொண்டிருப்பவள் நான். நீ உன்னைப் பார்த்து எனக்கு மருந்து வாங்கியிருக்கிறாய்.

இன்னொன்று. உன் விமலா கண்ணை மூடின நாளிலிருந்து உன் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறாய். ஒசாக்காவிலிருந்து தகப்பனைப் பார்க்க வந்த பிள்ளை, தகப்பன் வீட்டில் படுக்காமல் ஹோட்டலில் படுக்கிறது. இதற்கு மேல் எனக்கு ஒருவரும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை காலைப் பிளேனில் வருகிறேன். எயார்போட்டுக்கு வராதே, ரெயினில் செவன் ஹில்ஸுக்கு வர எனக்குத் தெரியும். வர வேண்டாம் என்று எழுதாதே. உன் கடிதம் வந்து சேரும்போது நான் அங்கே நிற்பேன். நீ என் கதவை உடைத்து உள்ளே பார்த்தாய். நான் மணி மட்டும்தான் அடிப்பேன். நீ திறந்தால் போதும்.

அக்கா


செவன் ஹில்ஸ்
6 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மெல்பேணுக்குத் திரும்பிப் போய் ஒரு கிழமையாகிறது. உங்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

வெளி விறாந்தையிலேயே இருத்தித் தேத்தண்ணி தந்து, அப்படியே ஹோம்புஷுக்குத் தோசை சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய், பின்னேரம் ஒரு ஹோட்டலில் விடுவதுதான் என் திட்டம். அறைகூட எடுத்து வைத்திருந்தேன். நீங்கள் சூட்கேசின் மேல் இருந்துவிட்டீர்கள். மழை வந்தது. சாரல் அடித்தது. எழும்பவில்லை. உங்களுக்கு நியுமோனியா வந்தால் ஞானம்மாளுக்கு யார் பதில் சொல்வது? கதவைத் திறந்தேன்.

நடையில், யப்பானிலிருந்து நான் வாங்கிக் குவித்த பெட்டிகளுக்கு நடுவே நீங்கள் பக்கவாட்டாக நடந்து வந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. திட்டுவீர்கள் என்று பதில்களை ஆயத்தமாக வைத்திருந்தேன். அரைவாசிப் பெட்டி திறக்கப்படவே இல்லை என்று கண்டும் கேட்கவில்லை. படுக்கை எங்கே என்று மட்டும் கேட்டீர்கள். பெட்டிகளுக்குக் கீழே என்று நான் சொல்ல வேண்டி வந்தது. விமலா போனதிலிருந்து கதிரையில்தான் படுக்கிறேன் என்றும் சொல்ல வேண்டி வந்தது.

மூன்றாம் நாள், சாமான்களை ஏற்ற நீங்கள் கூப்பிட்ட தர்ம ஸ்தாபனத்தின் லொறி வந்து நின்றபோது, நான் பெட்டிகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு கத்தியது பிழைதான். தனிய இருக்கிற ஆக்களுக்கு என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு விளங்காது, அத்தான் போகேக்கை நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் கையில் இருந்த பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னீர்கள்:

"பக்கத்து அறையிலை இருந்தனான் தம்பி. தேத்தண்ணியோடை போனன். முடிஞ்சு கன நேரம்."

அத்தான் போன அன்று என்ன நடந்தது என்று உங்களிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த லொறிக்காரன் பார்த்துக்கொண்டு நின்றான். நான் உங்கள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கொண்டுபோய் ஏற்றினேன். அதற்குப் பிறகு ஏற்றியதெல்லாம் நான்தான். இதை நீங்கள் மறந்துபோய் எல்லாவற்றையும் நீங்களே செய்ததாக மிருணாளினியிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

இப்போது வீட்டில் ஒரு சாமானும் கண்ணில் படுவதில்லை. டோர்ச் லைற்றைக் காணவில்லை. நகவெட்டியைக் காணவில்லை. நடையில் நடந்தால் என் காலடிச் சத்தம் எனக்கே கேட்கிறது. தோளில் பூட்டுகிற குடையை நீங்கள் கட்டாயம் கொடுத்திருக்க வேண்டியதில்லை, நேற்று நல்ல மழை.

நேற்றுத்தான் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். காலையில் போன் அடித்துத்தான் எழும்பினேன். மணி ஒன்பதரை. மிருணாளினி. கேத்திலிடமிருந்து செய்தி வரவில்லை என்று பயந்து, அங்கே ரெயினுக்குள் நின்று போன் பேசக்கூடாது என்பதால் வேலைக்குப் போகிற வழியில் இடையில் ஒரு ஸ்டேஷனில் இறங்கி எடுத்திருக்கிறாள். பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. ஒன்றுமில்லை, நித்திரை கொண்டுவிட்டேன் என்றேன்.

"கதிரையிலையோ அப்பா?"

"இல்லைப் பிள்ளை. கட்டிலிலை."

அவள் பக்கத்தில் அடுத்த ரெயின் வந்து போகிற சத்தம் கேட்டது. அவள் அதில் ஏறவில்லை. பிறகு, தை மாதம் லீவு கிடைக்கும்போல இருக்கிறது, தன்னுடைய அறையில் படுக்கலாமா என்று கேட்டாள். படுக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த அறைக் கதவை நீங்கள் இருந்தபோது நான் திறக்க விடவில்லை. நிலத்திலிருந்து முகடு வரைக்கும் பெட்டி. தை மாதத்துக்குள் தனிய என்னால் முடியாது. எப்போது வருகிறீர்கள் என்று உடனே எழுதுங்கள்.

கட்டிலில் படுத்ததில் முதுகு நோகிறது. இதுவும் உங்களால்தான்.

தம்பி
சிறிதரன்