தூக்கி வர வேண்டியவர்கள்

9 ஆகஸ்ட் 2008

சுனாமிக்குப் பிறகு எங்கள் குப்பத்தில் போட்ட பேரிடர்க் குழுவில் பட்டியல் எழுதுவது என் வேலை. எட்டாவது வரை படித்த பாவம்! வீட்டில் யார் யார், புயல் என்றால் அவர்களில் யாரைத் தூக்கி வரவேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும்.

செல்லம் பெரியம்மாவுக்குக் கண் தெரியாது. "என்னைய தூக்குறவன் முதுகு என்னாவுறது? அவன் பேரையும் சேத்து எழுதிக்கடி" என்றாள். சிரித்து மாளவில்லை.

கடைசியில் எங்கள் வீடு. நாகராஜ், தமிழரசி, கவியா. கவியாவுக்கு வயது எட்டு என்று போட்டேன். போன வருஷம் ஏழு போட்டேன். கடல் கொண்டுபோனபோது அவளுக்கு நாலு. நான் மீன் கூடையோடு காரைக்கால் மார்க்கெட்டில் இருந்தேன். தூங்குகிற பிள்ளையைத் தூக்க ஆள் இல்லை.

10 ஆகஸ்ட்

இவர் நோட்டைப் பார்த்துவிட்டார். "எடுத்துடு தமிழு. ஊரு என்ன சொல்லும்?"

ஊர் ஒன்றும் சொல்லாது. ஊர்த் தலைவர், நாட்டார் செல்லையன் மாமா வருஷா வருஷம் அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போடுகிறார்.

25 நவம்பர்

விடாத மழை. புயல் கூண்டு ஏற்றிவிட்டார்களாம். போட்டுகளை மேட்டில் இழுத்துக் கட்டியாயிற்று.

27 நவம்பர்

எழுதக் கை வரவில்லை.

நேற்று மத்தியானம் மைக்கில் சொன்னதும் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டோம். பெரியம்மாவுக்கு ஈரப்புடவை மாற்ற வேண்டியிருந்தது. பெயர் சரிபார்க்கச் சொல்லி நோட்டை மாரிக்கண்ணுவிடம் கொடுத்தேன். எங்கள் ஊர்ப் பெண் அமுதத்தைக் கட்டி ஆவணியில்தான் இந்த ஊருக்கு வந்தவன். வந்ததுமே மீட்புக் குழுவில் சேர்ந்தவன்.

"கவியான்னு ஒரு புள்ள வரலங்க, எட்டு வயசு" என்று வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு ஓடியிருக்கிறான். வெளியூர்க்காரர், அவருக்கு என்ன தெரியும்?

எங்கள் வீட்டுக்குள் தேடிக்கொண்டிருந்தபோது சுவர் அவன்மேல் விழுந்துவிட்டது. இவரும் செல்லையன் மாமாவும் போய்த் தூக்கி வந்தார்கள். கண் விழித்ததும் அவன் என்னைப் பார்த்துக் கேட்டது —

"புள்ள கெடச்சுதாக்கா?"

நான் என்னன்னு சொல்லுவேன்? பாவி, நான் என்னன்னு சொல்லுவேன்?

4 டிசம்பர்

முதுகெலும்பு. இனி நடக்க மாட்டான் என்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அமுதத்திடம் சொன்னேன், அந்தப் பெயரை எழுதியது நான்தான் என்று.

"தெரியும்க்கா. வருசா வருசம் நானும் பாத்தேன். அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லி வைக்கணும்னு எனக்குத் தோணல."

திட்டியிருந்தால் தேவலை.

26 டிசம்பர்

கடலில் பால் ஊற்றினோம். இந்த வருஷம் கவியாவை நினைக்கக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.

8 ஆகஸ்ட் 2009

புதுப் பட்டியல். செல்லம் பெரியம்மா இருக்கிறாள். இந்தத் தடவை அவள் கேலி பேசவில்லை.

எங்கள் வீடு: நாகராஜ், தமிழரசி. அவ்வளவுதான்.

மாரிக்கண்ணு கட்டிலில் சாய்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "எம் பேரையும் எழுதிக்கங்கக்கா" என்றான். மீட்புக் குழுப் பக்கத்தில் அவன் பெயரை அடித்தேன். அடுத்த பக்கத்தில் எழுதினேன்.

மாரிக்கண்ணு, வயது இருபத்தெட்டு.
தூக்க ஆள்: நாகராஜ், தமிழரசி.