பக்கத்து இருக்கைக்கு முன்னால் நாலு ஓட்டை

மார்ச் 4, செவ்வாய்

கிளட்ச் வழுக்குகிறது. கார் வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மெக்கானிக் காலடி விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான். ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கைக்கு முன்னால், கால் வைக்கும் தகரத்தில் நாலு ஓட்டை.

"பெரியவரே, இது டிரைவிங் ஸ்கூல் வண்டி. இங்கதான் ரெண்டாவது பிரேக் இருந்திருக்கும். சொல்லிக்குடுக்கிறவர் மிதிக்கிறது."

டாக்டர் ஒருவரே வைத்திருந்த வண்டி என்றானே புரோக்கர்! ஊரில் உள்ள கற்றுக்குட்டியெல்லாம் ஏறி மிதித்த கிளட்சையா என் தலையில் கட்டினான்? நாற்பத்திரண்டு வருஷம் ஓட்டியவன் நான். எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றியதும் சரி, கார் ஓட்டியதும் சரி, புத்தகத்தைப் பார்த்து நானே பழகியது.

மாதக் கடைசியில் லைசென்ஸ் வேறு முடிகிறது. கண் டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் புதுப்பிப்பார்களாம். என் கண்ணுக்கு என்ன கேடு?

மார்ச் 5

போனில் புரோக்கரைப் பிடித்தேன். "டாக்டரோட அண்ணி வண்டி சார். ஒரே குடும்பம்தானே" என்கிறான். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். வைத்துவிட்டான்.

"விடுங்களேன். நல்ல வண்டிதான்" என்றாள் என் மனைவி. இவளுக்கு என்ன தெரியும்? என்றைக்கும் இல்லாமல் காருக்குள் குனிந்து விரிப்பை இழுத்து நேராக்கினாள்.

மார்ச் 8, சனி

பதிவுப் புத்தகத்தில் இருந்த விலாசத்துக்கே போய்விட்டேன். என் வயதுப் பெண்மணி, முழங்காலில் கட்டு. முப்பது வருஷம் பெண்களுக்கு மட்டும் ஓட்டச் சொல்லித்தந்தாராம். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. செத்த கிளட்சை எப்படி விற்கலாம் என்று கேட்டேன்.

"புது கிளட்ச் போட்டுத்தான் குடுத்தேன். நீங்க தானா ஓட்டப் பழகினவரா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"கிளட்ச் மேலயே காலை வெச்சுக்கிட்டு ஓட்டுவீங்க. சொல்லிக்குடுக்க ஆள் இருந்திருந்தா முதல் நாளே காலைத் தட்டிவிட்டிருப்பாங்க."

என் முகத்துக்கு நேரே! "உங்க வண்டியில எவளாவது உருப்படியா ஓட்டக் கத்துக்கிட்டாளா?" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. எழுந்துபோய்த் தடித்த நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஓட்டக் கற்றவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி. அலட்சியமாகத்தான் புரட்டினேன். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய பக்கம் ஒன்றில் என் வீட்டு விலாசம். என் மனைவியின் பெயர்.

"பயமில்லை. ரிவர்ஸ் அருமை. முதல் தடவையிலேயே லைசென்ஸ். வீட்டுக்குப் போன் செய்யக் கூடாது."

மார்ச் 9

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 10

கேட்டேவிட்டேன். ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நீங்க ஷிஃப்டுக்குப் போனப்புறம், பத்து மணிக்கு. இருபத்தோரு நாள்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"முதல்ல உங்களத்தானே கேட்டேன். தையல் மெஷின் மிதிக்கிற கால் வேற, கிளட்ச் மிதிக்கிற கால் வேறன்னீங்க. உங்க அக்கா வீட்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

சொன்னேனா? சொல்லியிருப்பேன். நான் சொல்லக்கூடியதுதான்.

கார் வாசலில் வந்து நின்ற அன்றே அடையாளம் தெரிந்துவிட்டதாம். மூன்றாம் கியரில் அதே முனகல். லைசென்ஸைத் துணி பீரோவில், அடியில் விரித்த தாளுக்குக் கீழே வைத்திருக்கிறாள். தவறாமல் புதுப்பித்திருக்கிறாள்!

பத்தொன்பது வருஷம். காய்ச்சலோடு நான் ஓட்டிய நாளில்கூடப் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து வந்தாளே. என்ன நெஞ்சழுத்தம்! என்னை யாரென்று நினைத்தாள்?

மார்ச் 12

மெக்கானிக் கிளட்ச் பிளேட்டைக் கழற்றிக் காட்டினான். புதிதாகப் போட்டதுதான். கருகிக் கிடக்கிறது. "காலை எடுக்காமலே ஓட்டியிருக்கீங்க, பெரியவரே." அந்த அம்மா இவனிடம் சொல்லிவைத்ததோ என்று பார்த்தேன். இல்லை, அவரை இவனுக்குத் தெரியவே தெரியாது. அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 20

கண் டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. இடது கண்ணில் பாதிதான் பார்வையாம். அந்த எழுத்தெல்லாம் அத்தனை பொடியாகவா இருக்க வேண்டும்? இரண்டு பேரிடம் சண்டை போட்டேன். பஸ்ஸில் வந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

கார் தயார் என்று போன் வந்தது. மெக்கானிக் சாவியை என்னிடம்தான் நீட்டினான். கூட வந்த இவள் வாங்கிக்கொண்டாள்.

பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுக்க வேண்டியிருந்தது. ஓர் அங்குலம் பின்னால் உருளவில்லை. கியர் மாற்றியதும் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுகிறாள். ஒவ்வொரு தடவையும். கவனித்துக்கொண்டே வந்தேன்.

தெருமுனையில் லாரி ஒன்று குறுக்கே வந்தது. என் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

"அங்க பிரேக் இல்லைங்க" என்றாள், பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

எனக்குத் தெரியாதா? நாலு ஓட்டைதான் இருக்கிறது. வீடு வரும்வரை காலை அதன் மேலேயே வைத்திருந்தேன்.