திருக்கைக்கு அஞ்சாதவருக்கு

படப்பை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

சுகப்பிரியா எழுதுவது. நான் நலம். உங்கள் கோபமும் நலமாக இருக்கும்! போனில் அந்தப் பேச்சை எடுத்தாலே கட் பண்ணிவிடுகிறீர்கள். கடிதத்தைக் கட் பண்ண முடியாதே, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரகடத்தில் வேலை கிடைத்து வந்த மனுஷர், மறுநாள் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடி பஸ் ஏறிவிட்டீர்கள். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையாம். எனக்குத் தெரியாதா? சுவரில் இருந்த பெரிய எட்டுக்கால் பூச்சிதான் காரணம். ஹவுஸ் ஓனர் சந்திரம்மாள் அக்கா, இன்னாம்மா உன் வூட்டுக்காரரைக் காணோமே என்றார். ஊரில் அவசர வேலை என்று சொல்லி உங்கள் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன்.

கடலுக்குப் போய், திருக்கை மீனின் வால் முள்ளைக் குறடால் பிடுங்கி எறிகிறவருக்கு இது ஒரு விஷயமா? யோசித்துப் பாருங்கள். இரண்டுக்கும் தட்டையான உடம்பு. அது மணலோடு ஒட்டிக் கிடக்கும், இது சுவரோடு. அது மிதித்தால்தான் குத்தும், இது பிடித்து நசுக்கினால்தான் கடிக்கும். திருக்கை முள் ஆளைப் படுக்கவே போட்டுவிடும். இது கரப்பான் பூச்சியைத்தான் தின்னும், வலைகூடப் பின்னாது. திருக்கை வயிற்றில் சுமந்து குட்டி போடும் என்பீர்களே, இது வயிற்றுக்கடியில் வெள்ளை வட்டமாக முட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு அலைகிறது, பாவம்.

அதனால் கொல்ல மனசு வரவில்லை. உங்களுக்காகத்தான், நேற்று அதைப் பெயிண்ட் டப்பாவில் பிடித்து, பக்கத்துக் காலி மனையில் விட்டுவிட்டு வந்தேன். ஜன்னலுக்கு வலையும் அடித்தாயிற்று.

இன்று ஷிப்டு முடிந்து வந்து கதவைத் திறந்ததும் சுவரைத்தான் பார்த்தேன். வெறும் சுவர். அழுதுவிட்டேன் அத்தான். அதுவும் இல்லை, நீங்களும் இல்லை. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் சேர்ந்து இருந்தது மொத்தம் பத்தொன்பது நாள்.

வருகிற திங்கட்கிழமை ஒன்பது மணிக்குள் நீங்கள் கம்பெனியில் போய்ச் சேராவிட்டால் அந்த ஒரகடம் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். ஞாயிறு காலை வண்டலூரில் உங்கள் பஸ் வந்து நிற்கிற இடத்தில் நிற்பேன், ஷேர் ஆட்டோவில் சேர்ந்தே வரலாம். இன்னொரு எட்டுக்கால் பூச்சி வராது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. பயமாக இருந்தால், திருக்கை கிடக்கிற தண்ணீரில் நடப்பீர்களே, அதே மாதிரி காலைத் தேய்த்துத் தேய்த்து உள்ளே வாருங்கள். நான் சிரிக்க மாட்டேன். வந்தால் போதும்.

கதவைத் திறந்து வைத்திருக்கும்,
உங்கள் சுகப்பிரியா