குழுவில் இருந்த ஒரே பெண்

என் ஸ்டெல்லா மதினி,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. எத்தனையோ முறை எழுத உட்கார்ந்து, எழுந்து போய்விட்டேன். இன்றைக்கு அண்ணனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதப்போகிறேன், மதினி பெயரையும் போடப்போகிறேன் என்றேன். "பேர மறைச்சு எழுதித்தானே இந்தக் கதியாச்சு. போடு" என்றார்.

உங்களைத் தெரியாதவர்களுக்காகச் சில விஷயங்களைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என் அண்ணன் அந்தோனியின் மனைவி. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மருமகளாக வந்த வாரத்திலிருந்து கொழுந்து பறித்தவர். நான் அதே தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பல்கலைக்கழகம் போய், இப்போது பதுளையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருப்பவள். ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்குக் கள உதவியாளர், மொழிபெயர்ப்பாளர். பக்கத்து வீட்டார் கேட்டால், "எங்க சாந்திக்கு கேள்வி கேக்குற உத்தியோகம்" என்பீர்கள். அதில் உங்களுக்குக் கேலியும் இருந்தது, பெருமையும் இருந்தது.

கொழும்பிலிருந்து அந்தப் பேராசிரியர் வந்தபோது நான்தான் உங்கள் பெயரைச் சொன்னேன். அவர் ஆராய்ந்தது இதுதான்: வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் தரச் சான்றிதழ் கேட்கிறார்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் தோட்டத்தில் தொழிலாளர் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், மாதம் ஒரு கூட்டம் நடக்க வேண்டும், நடந்ததைப் புத்தகத்தில் எழுத வேண்டும். அந்தக் குழுக்கள் உண்மையில் இயங்குகின்றனவா, தாளில் மட்டும்தானா? "என் மதினியே அப்படி ஒரு குழுவில் இருக்கிறாங்க சேர்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எங்களை உட்கார வைத்தீர்கள். பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொடுத்தீர்கள். ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்ததும், "இத யாரு கேப்பா சாந்தி?" என்று கேட்டீர்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்றேன். ஒப்புதல் படிவத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். பெயர் வராது, தோட்டத்தின் பெயர் வராது, அறிக்கை முடிந்ததும் பதிவை அழித்துவிடுவோம். "நீ சொன்னா சரிதான்" என்று கையெழுத்து வைத்தீர்கள். படிவத்தை நம்பி வைத்த கையெழுத்து இல்லை அது.

அப்புறம் பேசினீர்கள்.

"கூட்டம்னு ஒண்ணு நடந்ததே இல்லீங்க சேர். மாசக் கடைசியில கணக்கப்புள்ள புத்தகத்தக் கொண்டாந்து நீட்டுவாரு, நாங்க கையெழுத்து வைப்போம். ஒரு நாளு என்னதான் எழுதியிருக்குன்னு வாசிச்சுப் பாத்தேன். மேல் மலையில குளவிக்கூடு அகற்றப்பட்டதுன்னு எழுதியிருந்திச்சு. அந்தக் கூட்டக் காட்டிக் குடுத்தவளே நான்தாங்க. அது இன்னமும் அங்கனதான் தொங்குது."

"தெரிஞ்சும் கையெழுத்து வச்சீங்களா?" என்று அவர் கேட்டதை நான் தமிழில் உங்களிடம் கேட்டேன்.

"வச்சேங்க. வைக்கலேன்னா மறுநாள் காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல எந்த மலைக்குப் பேரு கூப்புடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அறிக்கை ஆங்கிலத்தில் தயாரானது. உங்கள் பேச்சுக்கு முன்னால், 'பாதுகாப்புக் குழுவில் இருந்த ஒரே பெண் உறுப்பினர் கூறியது' என்று ஒரு வரி. பேராசிரியர் அந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "இந்த வரியால் அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்வார்களா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். தோட்டத்தின் பெயர் இல்லையே, இந்த இங்கிலீஷை அங்கே யார் படிக்கப் போகிறார்கள் என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன் மதினி. அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. ஆண்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்க ஒரு பெண் மட்டும் பேசினாள் என்பது அந்த அத்தியாயத்துக்கே ஒரு மிடுக்கைக் கொடுத்தது. நாங்கள் போன மூன்று தோட்டங்களில் இரண்டில் குழுவில் பெண்களே கிடையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் இல்லை என்றேன். அன்றைக்கு நான் வேறு மாதிரி பதில் சொல்லியிருந்தால்?

ஆய்வின் முடிவைச் சம்பந்தப்பட்டவர்களிடமே சொல்ல வேண்டும் என்று பேராசிரியர் நினைத்தார். நல்ல எண்ணம்தான். பதுளையில் ஒரு மண்டபம் எடுத்து, தோட்டத்து ஆட்களுக்குப் பஸ் பிடித்து, தோட்ட நிர்வாகிகளான துரைமாரையும் அதிகாரிகளையும் கூப்பிட்டோம். தமிழ்ச் சுருக்கத்தை வாசித்தது நான். மூன்றாவது வரிசையில் ஈஸ்டருக்கு எடுத்த நீலச் சேலையில் நீங்கள் இருந்தீர்கள்.

அந்த வரியை வாசித்தேன். உங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு வரிசையும் திரும்பிப் பார்த்தது. ஒருவர், இருவர் இல்லை, அத்தனை பேரும். ஓரத்தில் இருந்த உங்கள் தோட்டத்து உதவி நிர்வாகி, சின்னத்துரையும் திரும்பிப் பார்த்தார். நீங்கள் தலை குனியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். குளவிக்கூடு பற்றிய பகுதி அடுத்த பந்தியில் இருந்தது. நான் நிறுத்தியிருக்கலாம், அதைத் தாண்டிப் போயிருக்கலாம். நான் வாசித்தேன், மதினி. கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் சின்னத்துரை உங்கள் பக்கத்தில் வந்து, "நல்லாப் பேசியிருக்கீங்க ஸ்டெல்லா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பஸ் ஏறும்போது நான் உங்கள் கையைப் பிடித்தேன். "ஒண்ணுமில்லடி. நீ வெசனப்படாத" என்றீர்கள்.

அடுத்த திங்கட்கிழமை பெரட்டில் உங்கள் பெயரை மேல் மலைக்குக் கூப்பிட்டார்கள். உங்கள் வயதுப் பெண்களை ரோட்டோர மலைக்கு அனுப்புவதுதான் அதுவரை வழக்கம். போனில் கேட்டபோது, "எங்கயாச்சும் பறிக்கத்தானே வேணும்" என்றீர்கள். மூச்சு வாங்கியது உங்களுக்கு. நான் பேராசிரியரிடம் சொன்னேன். இப்போது கடிதம் எழுதினால் இன்னும் கோபப்படுவார்கள், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றார். பொறுத்துப் பார்த்தோம். நாங்கள் பொறுத்தோம், நீங்கள் ஏறினீர்கள். மூன்று வாரம்.

அந்தக் காலையில் காற்று பலமாக இருந்ததாம். குளவிக்கூடு கலைந்ததும் எல்லோரும் கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டுக் கீழே ஓடியிருக்கிறார்கள். நீங்களும் ஓடினீர்கள். தண்ணீர் ஓடும் கானில் கால் மாட்டி விழுந்துவிட்டீர்கள் என்று யோகம் அக்கா சொன்னார். உங்களோடு ஒரே நிரையில் பறித்தவர் அவர். திரும்பி வர நினைத்தாராம், வர முடியவில்லையாம். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. லொறி கொழுந்தோடு பெக்டரிக்குப் போயிருந்ததால், அது திரும்பி வரும் வரைக்கும் உங்களை ரோட்டோரம் படங்கு விரிப்பில் கிடத்தியிருந்தார்கள். பசறை தாண்டி வர வேண்டிய லொறிக்காக நான் பதுளை ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பசறை வருமுன்பே முடிந்துவிட்டது என்று அண்ணன் போனில் சொன்னார். அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

அடக்கம் முடிந்து ஒரு மாதத்தில் தொழில் அதிகாரி முன்னால் விசாரணை தொடங்கியது. தோட்ட நிர்வாகம் கூட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தது. அதில் எழுதியிருந்தது: மேல் மலையில் குளவிக்கூடு அகற்றப்பட்டது. கொட்டியது புதிதாக வந்து கூடு கட்டிய குளவிகள், அது யாருக்கும் தெரியாது என்றார்கள். கூட்டை எடுத்துவிட்டதற்குச் சாட்சியாகக் கீழே ஐந்து கையெழுத்து. மூன்றாவது உங்களுடையது. இறந்துபோனவரே உறுதிப்படுத்தியிருக்கிறாரே என்று அவர்களுடைய வக்கீல் சொன்னார். குரலைக் கூட உயர்த்தவில்லை.

கையெழுத்து வைத்த மற்ற நான்கு பேரும் வாய் திறக்க மாட்டார்கள்; அது பொய் என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. உங்கள் குரல். அழித்துவிடுவதாக நான் வாக்குக் கொடுத்த பதிவு. அழித்துவிடச் சொல்லிப் பேராசிரியரும் இரண்டு தடவை எழுதியிருந்தார். நான் அழிக்கவில்லை. சோம்பலா, பாசமா, எனக்கே தெரியவில்லை.

பதிவை விசாரணைக்குக் கொடுக்கட்டுமா என்று அவரைக் கேட்டேன். "அதைக் கொடுத்தால் இனி எந்தத் தோட்டத்தில் யார் நம்மை நம்பிப் பேசுவார்கள், சாந்தி? பெயரை வெளியிட மாட்டோம் என்று சொன்ன வாக்கு அவர் இறந்ததால் முடிந்துபோகுமா?" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை மதினி. அவர் சொன்னதில் பிழையும் இல்லை. ஆனால் அந்த வாக்கை உங்கள் உயிர் இருக்கும்போதே நாங்கள் உடைத்துவிட்டோமே.

கடைசியில் பதிவை ஏற்றி வைத்திருந்த போனைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கே போனேன். அண்ணன் கதவைத் திறந்தார், வா என்று சொல்லவில்லை. ஜெனி மட்டும், "உக்காருங்க அத்த" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உங்கள் மகள் உங்களை மாதிரியே பேச்சு வைத்திருக்கிறாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரியால் மதினியை யாரும் அடையாளம் காண்பார்களா என்று கேட்டார்கள், இல்லை என்று சொன்னது நான் என்றேன். பிறகு, இதில் மதினி பேசியது இருக்கிறது, கொடுப்பதா அழிப்பதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று போனை மேசையில் வைத்தேன்.

ஜெனிதான் அழுத்தினாள். "கூட்டம்னு ஒண்ணு நடந்ததே இல்லீங்க சேர்" என்று நீங்கள் தொடங்கியதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் சேவல் கூவுவது கேட்டது, பிளேன்டீக் கோப்பையை நீங்கள் நகர்த்துவது கேட்டது. அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றார். முடியும் வரை அசையவில்லை.

முடிந்ததும், "அன்னிக்கி பதுளைக் கூட்டம் முடிஞ்சு வந்து என்னா சொன்னா தெரியுமா?" என்றார்.

தெரியாது என்று தலையாட்டினேன்.

"'சாந்தி நல்லா வாசிச்சா. துரைமாருக்கு முன்னுக்கு ஒரு எடத்துலகூடத் தடுமாறல'ன்னா. அதத்தான் சொன்னா. வேற ஒரு வார்த்த சொல்லல."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீ செஞ்சத நான் மன்னிக்கல" என்றார் அண்ணன். "மன்னிப்பேனான்னும் தெரியாது. ஆனா இத கொண்டுபோய்க் குடு. அவ பொய்யிக்குக் கையெழுத்து வச்சவன்னு மட்டும் எழுதி முடிச்சுறக் கூடாது."

கொடுத்துவிட்டேன். அண்ணன் கைப்பட எழுதிய கடிதத்தோடு தொழில் அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் உங்கள் குரலை இரண்டு முறை கேட்டார். புத்தகத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, விசாரணை தொடரும் என்று எழுதினார். பேராசிரியரின் ஆய்வில் எனக்கு இனி இடமில்லை என்று கடிதம் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அதன் பிறகு இரண்டு நிறுவனங்களுக்கு வேலை கேட்டு எழுதினேன், பதில் இல்லை. இப்போது பதுளையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் தமிழ் டைப் செய்கிறேன். அதை நினைத்து நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

தோட்டத்துச் செய்தி கேட்பீர்கள். சான்றிதழைப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள். பரிசோதிக்க வந்தவர்களுக்கு அதே புத்தகத்தைத்தான் காட்டினார்களாம். மேல் மலைக் கூட்டை எடுத்துவிட்டார்கள், நீங்கள் போன மூன்றாம் நாளே. எடுக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லையாம். குழுவில் உங்கள் இடத்துக்கு யோகம் அக்காவைப் போட்டிருக்கிறார்கள். போன மாதம் பார்த்தபோது, கையெழுத்து வைக்கிறீர்களா அக்கா என்று கேட்டேன். "வாசிச்சுப் பாத்துட்டுத்தான் வச்சேன் தங்கச்சி. பொய்தான். என்னா செய்ய?" என்றார்.

ஜெனி பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனை எழுதுகிறாள். படித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். அண்ணன் இப்போது போன் எடுக்கிறார். இன்று ஒரு நாள் தவிர, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்.

வருகிற வியாழக்கிழமை அடுத்த விசாரணை. நிர்வாகத்தின் பக்கம் ஒரே பேச்சுத்தான்: அறிக்கையில் சொல்லப்பட்ட பெண் யார் என்றே எங்களுக்குத் தெரியாது, அப்படியிருக்க வஞ்சம் வைத்து மலை மாற்றினோம் என்பது எப்படி? தோட்டத்துச் சம்பளத்தை நம்பியிராமல், அவர்களுக்குத் தெரியும் என்று சொல்லக் கூடியவள் நான் ஒருத்திதான். ஏனென்றால் அவர்களுக்குச் சொன்னவளே நான். அதைச் சொன்னால் என் பெயரும் விசாரணைத் தாளில் ஏறும், இனி எந்த ஆய்விலும் யாரும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் நீங்கள் வழக்கமான முறைப்படி மேல் மலைக்குப் போய், எதிர்பாராத விபத்தில் இறந்தவர் ஆகிவிடுவீர்கள்.

சொல்லப் போகிறேன் மதினி. சின்னத்துரையும் வக்கீலும் எதிரே இருக்க, முதலில் என் பிழையைச் சொல்வேன். எந்த வரி, யாரும் அடையாளம் காண மாட்டார்கள் என்று யார் சொன்னது, யார் வாசித்தது, யார் யார் திரும்பிப் பார்த்தது, எல்லாவற்றையும். அதைச் சொன்னால்தான் அவர்களுடையது வெளியே வரும். இடையில் எத்தனை முறை என்னை நிறுத்தினாலும், விட்ட இடத்திலிருந்து திரும்பவும் தொடங்குவேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. என் வாக்கை நம்ப உங்களுக்குக் காரணம் இல்லை என்று தெரிந்தேதான் கொடுக்கிறேன்.

உங்கள் நாத்தனார்,
சாந்தி