வெளியே வராத புரதம்

மார்ச் 4
ஆய்வகத் தட்டின் இருபத்துநான்கு குழிகளிலும் வளரும் கல்லீரல் செல்களுக்கு உணவுநீர் மாற்றினேன். முதுகு ஒடிந்தது.

தம்பி போனில் வழக்கமான கேள்வி: "அது இன்னும் வெளியே வரலையாக்கா?"

அது என்றால் புரதம். அவன் கல்லீரல் அதைச் செய்கிறது. ஆனால் செல்லுக்குள் புரதம் மடிந்து உருப்பெறும் இடமான எண்டோபிளாச வலையில் அது கோணலாக மடிந்துவிடுகிறது. கோணலானதை வலை வெளியே விடாது; நான் வளர்க்கும் செல்களிலும் இதே கோளாறுதான். நுரையீரலைக் காக்க வேண்டியது கல்லீரலிலேயே தேங்கிக் கிடக்கிறது. முப்பத்தாறு வயதில் நாலு படி ஏற அவனுக்கு மூச்சு வாங்குகிறது; மாற்று நுரையீரலுக்குப் பட்டியலில் காத்திருக்கிறான்.

"கொஞ்சம் பொறுடா."

"பொறுத்தார் பூமி ஆள்வார்னு ஆரம்பிக்காத. எனக்குப் பூமி வேண்டாம், காத்து போதும்."

மார்ச் 19
வந்துவிட்டது! சோதிக்கும் மருந்துகளில் பதினேழாம் எண் போட்ட குழிகளில், செல்லுக்கு வெளியே உள்ள நீரில் புரதம்! மூன்று முறை அளந்தேன். எங்கள் ஆய்வகப் பேராசிரியை வெளியூரில். பொறுக்க முடியாமல் அவனிடம் சொல்லிவிட்டேன். போனில் சிரிக்கிறான் என்று நினைத்தேன். அழுகிறான் என்று பிறகுதான் புரிந்தது.

மார்ச் 24
பேராசிரியை வந்ததும் கேட்டார்: "செல் உயிரோட இருந்துச்சா?"

நான் பார்க்கவில்லை. பதினைந்து வருட வேலை, இதைப் பார்க்கவில்லை! செத்த செல்லைக் காட்டும் சாயம் போட்டோம். பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன. மருந்தே விஷம். செல் வெடித்து உள்ளே இருந்தது கொட்டியிருக்கிறது. வீடு இடிந்து தெருவில் விழுந்த சாமானைப் பார்த்து, குடிபெயர்கிறார்கள் என்று குதித்திருக்கிறேன்.

அவனிடம் எந்த முகத்தோடு சொல்வது? நாளைக்குச் சொல்லலாம்.

மார்ச் 25
சொல்லவில்லை.

மார்ச் 29
இன்று நேரில் போய்ச் சொன்னேன். அப்போதுதான் தம்பி மனைவி விஷயத்தைச் சொன்னாள். இருபத்தாறாம் தேதி நுரையீரல் மாற்றுவதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்ததாம். "அக்காதான் மருந்து கண்டுபிடிச்சிட்டாளே, எதுக்கு நெஞ்சைப் பொளக்கணும்னு வேண்டாம்னுட்டாரு, அண்ணி."

இருபத்தாறு! எனக்கு இருபத்துநாலாம் தேதியே தெரியுமே. ஐயோ, வாய் அடைத்தா போயிற்று எனக்கு?

"எப்பக்கா தெரிஞ்சுது?" என்றான்.

"நேத்துதான்" என்றேன்.

"விடு, தெரிஞ்சா செஞ்ச?"

பாவி நான். படுபாவி.

மே 2
பட்டியலில் மறுபடி பெயர் சேர்த்திருக்கிறார்கள். இவனுக்கு முன்னால் ஒன்பது பேர். நடமாட்டம் கட்டிலோடு நின்றுவிட்டது.

ஜூன் 11
காலை பத்தேகாலுக்குப் போய்விட்டான். இரண்டாவது அழைப்பு வரவே இல்லை.

ஜூலை 8
ஆய்வகத்துக்கு ஒரு கல்லீரல் துண்டு வந்தது. பெயர் இல்லை, எண் மட்டும். "இதை நீ செய்ய வேண்டாம்மா" என்று பேராசிரியை சொன்னபோதுதான் விளங்கியது. செத்த பிறகு தன் கல்லீரலை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தம்பி எழுதிக் கொடுத்திருக்கிறான்.

"நானே செய்யறேன் மேடம்."

சீவி, சாயமிட்டு, நுண்ணோக்கியில் வைத்தேன். செல்லுக்குச் செல் புரதம், உருண்டை உருண்டையாக, வெளியே போக முடியாமல். அத்தனையும் உள்ளேயே இருந்தது.

அறையில் வேறு யாரும் இல்லை. "இருபத்துநாலாம் தேதியே தெரியும்டா" என்றேன்.