ஒற்றைச் சிப்பிகள்

புதுச்சேரி
நவம்பர் 18

அன்புள்ள நிலவனுக்கு,

நான் நலம். தேனியில் மழை விட்டதா? நம் கவிநிலாவின் இருமல் நின்றதா?

இங்கே ஒரு வேடிக்கை. கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, ஒரு அஸ்திவாரக் குழியில் சிப்பிகள் எடுத்தேன் அல்லவா? ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் அங்கே நின்றது என்று என் ஆய்வில் காட்ட அவற்றைத்தான் நம்பியிருந்தேன். ஆய்வுக்கூட முடிவு வந்தது. முந்நூறு ஆண்டுகூட ஆகவில்லையாம். குழியில் மண் சுமக்கும் செல்வாம்பாள் அக்கா சிரித்தார்: "ஏம்மா, என்னாண்ட ஒரு வார்த்த கேக்கக்கூடாது? இது காளவாய் மேடு. சுண்ணாம்பு சுடக் கொண்டாந்து கொட்டன கிளிஞ்சல். கடலு எங்க இங்க வந்துச்சி?"

இரண்டு ஓடுகளும் மூடிக் கிடந்தால்தான் சிப்பி வாழ்ந்த இடத்திலேயே செத்தது என்று அர்த்தம். நான் எடுத்தவை ஒற்றை ஓடுகள். தெரிந்தேதான் எடுத்தேன். சீக்கிரம் முடித்து வீட்டுக்கு வரும் அவசரம்.

இனி மூடிய சிப்பி கிடைக்கும்வரை தோண்ட வேண்டும். இன்னும் ஒரு வருடம் என்கிறார் பேராசிரியர். தைக்கு வர முடியாது. கவலைப்படாதீர்கள். அறை ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். நான் திறப்பதில்லை.

கவிநிலாவுக்குச் செருப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் கால் அளவு கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளைத் தாளில் நிறுத்தி, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அனுப்புங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. பாதம் வரைந்த தாளின் ஓரத்தில் தேதி போட மறக்காதீர்கள்.

துர்கா